சாம்பல் கலந்த கம்பு

அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம் பாஞ்சாலை விற்ற கம்பங்கூழுக்கு ஈடு கிடையாது. ஒருமுறை ஆசிரமத்துக்கு வந்த மேற்கு ஆப்பிரிக்கர் ஒருவர் மூன்று சொம்பு குடித்துவிட்டு, இது தன் பாட்டன் பூட்டன் தின்ற தானியம் என்றார்.

"அடேயப்பா, நம்ம கம்பு அவ்ளோ தூரம் போயிருக்குதா?" என்றாள் பாஞ்சாலை. அங்கிருந்துதான் இங்கே வந்தது என்று அவளுக்கு யார் சொல்வது!

கைமணம் என்று ஊர் மெச்சியது. கைமணமாவது மண்ணாங்கட்டியாவது! எல்லாம் கீழ்பென்னாத்தூர்க் கண்ணாயிரத்தின் நாட்டுக் கம்பு. கதிரில் மீசை வைத்த சாதி. சுற்றுவட்டாரமே மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்கும் கம்பெனி விதைக்கும் மாறிய பிறகும் அவன் ஒருவன்தான் அதை விடவில்லை. விதைக்கு ஒரு பானை ஒதுக்கி, பூச்சி அண்டாமல் சாம்பல் கலந்து வைப்பான். மிச்சமெல்லாம் பாஞ்சாலைக்கு.

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றியது. கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதே அவள் மூட்டை காலி. கூட்டம் வரும் நேரத்தில் கடையை மூடுவதா? பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போனாள். கண்ணாயிரம் வெளியூர் போயிருந்தான். வேலூரிலிருந்து புதிதாக வாழ வந்த அவன் மனைவி ஜோதியம்மாள்தான் இருந்தாள். அவளுக்குக் காடு கழனி எதுவும் தெரியாது.

"ஒரு பானை இருக்குதுக்கா. ஒரே சாம்பலா கெடக்குது, பழசு போல."

பாஞ்சாலை கையை விட்டு அள்ளினாள். விதை. 'மூடி வைம்மா' என்று சொல்ல ஒரு மூச்சு போதும்.

"பரவால்லம்மா, கழுவிக்கிறேன்" என்றாள்.

கழுவினாள், இடித்தாள், காய்ச்சினாள். தீபத்தன்று கூழ் அமிர்தம் என்றார்கள். அவளுக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

விதையை விற்றவள் என்று பழி ஜோதியம்மாள் தலையில் விழுந்தது. இங்கே பாஞ்சாலை வீட்டுப் பின்னால், கழுவிக் கொட்டிய இடத்தில் நாலைந்து பயிர் முளைத்து, மீசையோடு கதிர் விட்டது. அறுத்து அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கக் கால் வரவில்லை. கொடுத்தால், எங்கே முளைத்தது என்று கேட்பானே! சமைக்கும்போது நிமிர்ந்தே பார்க்க மாட்டாள்.

ஆடியில் கண்ணாயிரமே வந்தான்.

"அக்கா, சாக்கு மூலையில ஒரு பிடியாவது ஒட்டியிருக்குமா? தேடாத எடமில்ல. இல்லன்னா இந்தச் சாதியே போச்சு. சாம்பலோடதான் குடுத்தேன்னு சாதிக்கிறா அவ. சாம்பலைப் பாத்திருந்தா பாஞ்சாலக்கா தொட்டிருக்குமா? பொய் சொல்றான்னு அவகிட்ட பேச்சையே விட்டுட்டேன்."

பாஞ்சாலை எழுந்து போய்க் கதிர்களை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள். அவன் முகம் மலர்ந்தது.

"ஏதுக்கா இது?"

"கழுவி ஊத்துன எடத்துல மொளச்சுது."

"கழுவுனீங்களா? எதை?"

"சாம்பலைத்தான் தம்பி. அவ பொய் சொல்லல."

அவன் கதிர்களைத் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டான்.

அந்த அறுவடை முடிந்ததும் ஒரு சின்ன மூட்டை வந்தது. கொண்டுவந்தவள் ஜோதியம்மாள். இறக்கி வைத்து, வாயை அவிழ்த்துக் காட்டினாள்.

"சாம்பல் இல்லக்கா. நல்லா பாத்துக்கோங்க."