நன்மைக்கு முன் ஒரு மிடறு

நடுநிசிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று மாசேர் சொல்லியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரன் போன பிறகும் கன்னியாஸ்திரிகளை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிட்டோம். கொடி மாறிய அடுத்த வருஷம் எனக்குப் புதுநன்மை. ஒன்பது வயதில் முதன்முதலாகச் சர்வேசுரனை அப்பமாக நாக்கில் வாங்கப் போகிறேன். மே மாதப் புழுக்கத்தில் தூக்கமே இல்லை, தொண்டை வறண்டு கிடந்தது. விடியற்காலையில் கிணற்றடியில் வாய் கொப்புளிக்கும்போது ஒரு மிடறு விழுங்கிவிட்டேன். கைதவறி இல்லை. தெரிந்தேதான் விழுங்கினேன், நன்றாகவும் இருந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தன் வெள்ளைப் பட்டுப்புடவையை வெட்டி எனக்குக் கவுன் தைத்திருந்தாள். சொந்தக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள், விருந்துக்கு அண்டா அடுப்பில் ஏறிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு கோவிலுக்குப் போய், பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் மண்டியிட்டு, வாயைத் திறந்தேன்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். நோன்பை முறித்துவிட்டு நன்மை வாங்குவது நரகத்தில் தள்ளும் சாவான பாவம். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அதை மறைத்தால் அது இன்னொரு பாவம். அதற்கப்புறம் வாங்கும் ஒவ்வொரு நன்மையும் ஒவ்வொரு பாவம். உபதேச வகுப்பில் இதைத் தண்ணி பட்ட பாடாக ஒப்பித்தவள் நான். சனிக்கிழமைதோறும் வரிசையில் நின்று, பொய் சொன்னேன், தங்கையைக் கிள்ளினேன் என்று சில்லறைகளைச் சொல்லிவிட்டு வருவேன். பெரியதைச் சொல்ல நாக்கு எழாது. பூசையில் மணி அடித்து அப்பத்தை உயர்த்தும்போது நெஞ்சு சர்வேசுரன் பக்கமாக ஓடும். அவர் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று தவிப்பேன். உடனே, உனக்கில்லை போ, என்று என்னை நானே விரட்டுவேன்.

இரண்டு வருஷம் கழித்து நோன்பு மூன்று மணி நேரமாகக் குறைந்தது, தண்ணீர் எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று கோவிலில் அறிவித்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கென்ன வந்தது? நான் பழைய சட்டத்தில் விழுந்தவள்.

பதினாறு வயதில், இனி சர்வேசுரனை ஏமாற்ற என்னால் ஆகாது என்று ஆகிவிட்டது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் கிராதிக்குப் போவதையே நிறுத்தினேன். எங்கள் பங்குக் கோவிலில் ஒரு வயசுப்பெண் தொடர்ந்து நன்மை வாங்காமல் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் தாழிட்டாள்.

"யாருடி அவன்?"

"யாரும் இல்லம்மா."

"எத்தினி மாசம்?"

அவள் கண் என் வயிற்றின்மேல் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தண்ணி குடிச்சேன்," என்றேன். "புதுநன்ம அன்னிக்கி. கெணத்தடில."

"யாருகிட்டடி கத வுடற? சாயங்காலம் சாமிகிட்ட வந்து சொல்லு, பாப்பம்."

சாயங்காலம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். வாய்க்கால் தாண்டும்போது, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன் வாங்கும் சொல்தா ஒருவர் தொப்பியைத் தூக்கி, "பொன்சுவார் மதாம்," என்றார். அம்மா சிரித்தாள். அவள் நகம் என் சதைக்குள் இருந்தது.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் இன்னும் கிட்டே சாய்ந்தார்.

"தண்ணி நோன்ப முறிக்காதும்மா," என்றார். "நீ புதுநன்ம வாங்கறதுக்கு முன்னாடியே ரோமாபுரியிலேருந்து சட்டம் வந்துடுச்சி. நம்ம ஜனங்கதான் பழைய பழக்கத்த வுடல."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. "அப்ப ஏழு வருஷமா நான் அழுதது?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள்.

"தண்ணிய வுடு. இத்தினி வருஷமா சர்வேசுரன யாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்த? அத சொல்லு."

"போலீசுன்னு நெனச்சேன் சாமி."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எனக்கே உறைத்தது. விம்மி விம்மி அழுதேன்.

"அதுக்கு மன்னிப்பு கேளு. குடுப்பாரு," என்றவர் லத்தீனில் மந்திரம் சொன்னார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் பாரம் இறங்கியது புரிந்தது.

வெளியே வந்த என் முகத்தை அம்மா உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"நீ எதுக்கும்மா?"

"உன்ன அப்பிடி நெனச்சேனே, அதுக்கு."

மறுநாள் காலைப் பூசையில் கிராதியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டோம். நாக்கில் அவர் வந்தார். ஏழு வருஷமும் வந்துகொண்டுதான் இருந்தார், நான்தான் குனிந்த தலை நிமிரவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அடுத்தவர்களுக்கு இடம் விடச் சொல்லி அம்மா முழங்கையால் இடித்தாள். நான் எழுந்திருக்கவில்லை.