கஞ்சி போட்ட புத்தகம்

"புஸ்தகம் போன மாதிரியே திரும்பி வருமாம்மா?"

மயிலாப்பூரில் எங்கள் கிளை நூலகத்தில் உறுப்பினர் படிவத்தை நீட்டியபோது, நூலகர் மேடம் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. எனக்கு அப்போது பதினாறு வயது. பெற்றோர் தொழில் என்ற இடத்தில் ‘துணி தேய்த்தல்’ என்று எழுதியிருந்தேன். அவர் கண் அந்த வரியில் நின்றதா, என் கையில் சாம்பார் கசிந்துகொண்டிருந்த டிபன் பையில் நின்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வரியில்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"போனதைவிட நல்லா வரும் மேடம்" என்றேன்.

அவர் சிரித்தபடி முத்திரை குத்தினார். ஆதார் அட்டை எல்லோருக்கும்தான் இருக்கிறது. நூலக அட்டை அப்படியல்ல, நானாகப் போய்க் கேட்டு வாங்கியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே இந்த அட்டையும் முதல் அட்டை. வாங்கிய அன்று அதை ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வாய் விட்ட சவாலைக் காப்பாற்ற எனக்கு ஓர் ஆள் துணை இருந்தார். அம்மா. மந்தைவெளிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மதிலை ஒட்டி அம்மாவின் இஸ்திரி வண்டி நிற்கும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் நாற்பது வீட்டுத் துணி கலந்து கிடந்தாலும் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. சட்டைக் காலரைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடுவார். துணிமூட்டையோடு வரும் சீட்டையும் அப்படித்தான் படிப்பார். மூன்றாவது மாடி மாமா ‘வேஷ்டி 2, சட்டை 3’ என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி போட்டு அனுப்புவார். அம்மா படிப்பது அந்தக் கொக்கியைத்தான்.

நான் கொண்டுவந்த முதல் புத்தகம் ஏதோ மழையில் நனைந்து காய்ந்தது. பக்கமெல்லாம் அலை அலையாக நின்றது. அம்மா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சுருக்குப் பை மாதிரி கீது?" என்றார்.

"அப்படியேதாம்மா குடுத்தாங்க."

"குடுத்தவங்க குடுப்பாங்க. நம்ம கையில வந்த பொருளு கசங்கிப் போய்த் திரும்பிப் போனா நம்மளத்தான் பேசுவாங்க."

பட்டுப் புடவை தேய்ப்பதுபோல் மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, பெட்டியின் சூட்டைத் தணித்து, பக்கம் பக்கமாக அழுத்தினார். அலை அடங்கியது. மடங்கியிருந்த பக்க மூலைகள் நிமிர்ந்தன. அன்று முதல் நான் எடுக்கும் புத்தகங்கள் எல்லாம் வண்டியில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நூலகத்துக்குப் போயின. ஒரே ஒரு முறை பிளாஸ்டிக் அட்டை உருகிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ‘பிளாஸ்டிக் அட்டையைத் தொடக்கூடாது’ என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

இப்படி நான்கு வருடம் ஓடியது. ரோஷத்தில் சொன்ன சொல்லை நிஜமாகவே காப்பாற்றிவிட்டேன் என்ற மிதப்பில் நான் இருந்த சமயத்தில்தான் அந்தத் தடித்த சரித்திர நாவல் வந்தது.

பாவம், அதற்கு வயதாகிவிட்டிருந்தது. நிறுத்தி வைத்தால் இடுப்பு ஒடிந்து சரியும். காகிதம் துவண்டு கிடந்தது. நான் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில், அதற்கு என்ன வைத்தியம் என்று அம்மா தானாகவே முடிவுசெய்துவிட்டார். வேட்டிக்குப் போடும் ஜவ்வரிசிக் கஞ்சி ஒரு கிண்ணம் மீந்திருந்தது. அட்டையிலும் முன்பக்கம், பின்பக்கம் இருபது இருபது தாள்களிலும் பழந்துணியால் தொட்டுத் தடவி, நிழலில் உலர்த்தி, பெட்டி போட்டுவிட்டார். சாயங்காலம் நான் வந்தபோது வண்டியின் ஓரத்தில் அந்த நாவல் சல்யூட் அடிக்கும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தது.

"எப்டி?" என்றார் அம்மா.

இங்கேதான் நான் யோசித்திருக்க வேண்டும். படித்தவள் நான். ஆனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மேடம் அதை மேசையில் நிறுத்தியபோது அது சரியாமல் நின்றதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நான் நூலகத்தில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி மாமா உள்ளே வந்தார். கையை நன்றாக நீட்டி, இரண்டு விரலால் அந்த நாவலைப் பிடித்திருந்தார்.

"மேடம், இது புஸ்தகமா அப்பளமா? பிரிச்சா நொறுங்கறது! ஆத்துக்கு எடுத்துண்டு போய் அலமாரில வெச்சேன். காத்தால பாத்தா ஏழெட்டுக் கரப்பான் இதைச் சுத்தி உக்காந்துண்டிருக்கு. பந்தி போட்ட மாதிரி!"

மேடம் கணினியில் பார்த்தார். மாமாவுக்கு முன் அதை எடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"இதுல என்ன தடவின?"

"கஞ்சி மேடம்."

"என்ன கஞ்சி?"

"ஜவ்வரிசி. வேட்டிக்குப் போடறது."

மாமாவுக்கு மூச்சு நின்று வந்தது. "புஸ்தகத்துக்கு வேஷ்டிக் கஞ்சியா! அப்படியே ஒரு அங்கவஸ்திரமும் போத்தி அனுப்பியிருக்கலாமே!"

பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அட்டையை வெச்சிட்டுப் போ. நீ இதுவரைக்கும் எடுத்த புக் ஒண்ணு விடாம பாக்கணும். இன்னும் ஒரு புக்ல கஞ்சி இருந்தாலும் உன் பேரை எடுத்துடுவேன். ஒரு புக்ல பூச்சி வந்தா வரிசையே போயிடும்மா, உனக்குப் புரியுதா?"

புரிந்தது. ஜியோமெட்ரி பாக்ஸில் தூங்கிய அட்டை, மேடத்தின் மேசை இழுப்பறைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தினமும் கல்லூரி விட்டதும் போய், நான் எடுத்த புத்தகங்களை மேடம் கொடுத்த பட்டியலை வைத்து அலமாரி அலமாரியாகத் தேடினேன். கஞ்சி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. தடவ வேண்டும், முகர வேண்டும். முகர்ந்துகொண்டே போனதில் மயிலாப்பூர் எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். சமையல் புத்தகத்தில் வத்தக்குழம்புப் பக்கத்தில் வத்தக்குழம்பே இருந்தது. வேலைத் தேர்வு வழிகாட்டியில் கேள்விகளை மட்டும் விட்டுவிட்டு விடைகளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு துப்பறியும் கதையின் முதல் பக்கத்திலேயே ‘டிரைவர்தான் கொலைகாரன்’ என்று யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். அந்தப் பாவம் செய்தவருக்கு நல்ல கதியே கிடைக்காது. பக்க அடையாளமாக முருங்கைக் குச்சி, ரயில் டிக்கெட், காது குடைந்த பஞ்சு. பஞ்சைப் பற்றி இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பல புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறியும் பக்கத்தில் திருத்தமும். அச்சுப் பிழைக்கு மட்டுமில்லை, ஆசிரியரின் கருத்துக்கும். ‘தவறு’, ‘ஆதாரம் எங்கே?’, ‘அபத்தம்’. அழித்தாலும் லேசில் போகாத அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் நூலகத்துக்கே மார்க் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். எத்தனை புத்தகம் என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வந்தேன்.

அட்டை போன விஷயத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக வண்டிக்குப் புத்தகம் வரவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாமல் போகுமா? தோண்டித் துருவிக் கேட்டுவிட்டார். மறுநாள் கல்யாணத்துக்கு மட்டும் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டார். நூலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். யாரும் கழற்றுவதில்லை என்று சொன்னேன். "அது அவங்க பழக்கம்" என்றார்.

மேடத்தின் முன்னால் நின்று, "கஞ்சி போட்டது நானு. பொண்ணு மேல தப்பு இல்ல. அட்டைய அதுக்குக் குடுத்துடுங்க. வேணும்னா எனக்கு ஒரு அட்டை போட்டு, அத புடிச்சி வெச்சிக்கோங்க" என்றார்.

மேடம் உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. சுவரோரம் கயிற்றால் கட்டி வைத்திருந்த புத்தகக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்க போவுது?"

"கழிச்சாச்சும்மா. கிழிஞ்சது, நனைஞ்சது. இடம் வேணும், படிக்க வர்றவங்களுக்குன்னு கம்ப்யூட்டர் வருது. இனிமே பாதி புஸ்தகம் அதுலயே படிச்சிக்கலாம்."

"அதுல கசங்காதா?"

"கசங்காது."

"கறை?"

"படாதும்மா."

"அப்போ அதுக்கு நான் வேணாம்" என்றார் அம்மா. பிறகு கட்டுகளைக் காட்டி, "இதுக்குத்தான் ஆளு வேணும்" என்றார்.

மேசையில் நான் சோதித்து வைத்த புத்தகங்கள் அடுக்கியிருந்தன. மேலே இருந்தது திறந்து கிடந்தது. அம்மா குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இது நம்ம மூணாவது மாடி சார் போட்ட கொக்கி ஆச்சே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு வருடமாக அந்தச் சீட்டுகளை வண்டியில் பார்த்திருக்கிறேன். ஒரு வாரமாக அந்தக் கொக்கிகளைப் புத்தகத்தில் பார்க்கிறேன். எழுத்தைப் படித்துக்கொண்டிருந்ததில் கொக்கியைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

ஜன்னலோரம் விரிந்திருந்த செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. பின்னால் மாமா.

"என்ன சொல்றேள்?"

"துணிச் சீட்டுல போடுவீங்களே சார் இதே கொக்கி. ஒரு பனியன் கொறஞ்சாலும் கொக்கி போட்டுக் கேப்பீங்களே."

மேடம் சீட்டு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவின் சுருக்குப் பையில் இல்லாத சீட்டா? ஒன்றை எடுத்துப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கொக்கி.

"அது... அச்சுப் பிழை நெறைய இருந்தது மேடம். நாலு பேர் தப்பா படிச்சுடக் கூடாதேன்னுதான்..."

"எத்தனை புக்ல சார்?"

மாமா கூரையைப் பார்த்தார். நான் என் காகிதத்தைப் பார்த்தேன். "முப்பத்தொண்ணு மேடம். இன்னும் ரெண்டு அலமாரி பாக்கி இருக்கு."

இந்த முறை மேடமும் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமாவுக்கு ஒரு ரப்பர் கொடுத்தார். சனிக்கிழமைதோறும் வந்து தான் போட்டதைத் தானே அழிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. மாமா இப்போது வருகிறார், முனகிக்கொண்டே அழிக்கிறார். அழிக்கும்போது புதிதாக ஒரு பிழை கண்ணில் பட்டால் அவர் படும் பாட்டைப் பார்க்கவே நான் சனிக்கிழமை போகிறேன்.

நான் பார்த்தவரை வேறு எதிலும் கஞ்சி இல்லை. மேடம் அந்தப் புத்தகங்களில் சிலவற்றைப் புரட்டிப் பார்த்தார். ஒரு பக்கத்தை விரலால் நீவினார். பிறகு கட்டுகளிலிருந்து நனைந்து அலைபாய்ந்திருந்த ஒரு புத்தகத்தை உருவி, கொஞ்சம் தயங்கி, "கஞ்சி இல்லாம, வெறும் பெட்டி வெச்சா இது நேராகுமாம்மா?" என்று கேட்டார்.

"குடுங்க. நாளைக்கு வாங்கிக்கோங்க" என்றார் அம்மா, வாடிக்கைக்காரரிடம் சொல்வதுபோல.

அன்றைக்கே என் அட்டை இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. கட்டுகளில் இரண்டை எடைக்குப் போடாமல் நிறுத்தி வைப்பதாகவும் மேடம் சொன்னார்.

கஞ்சி நாவலை நானே திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டரிடம் கொண்டுபோனேன். அவர் அதைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "கஞ்சி தப்பில்லம்மா. நாங்க ஒட்டறதும் மாவுப் பசைதான். ஆனா மயில்துத்தம் கலக்கணும். அப்போதான் பூச்சி வாய் வெக்காது. நீங்க எல போடாத கொறையா பூச்சிக்குச் சோறு போட்டுட்டீங்க." அம்மா பாதி சரியாகத்தான் செய்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஒரே கொண்டாட்டம். வண்டிக்கு வந்து சொன்னேன். "அந்த மிச்சப் பாதிய யாரு சொல்லித் தருவாங்க?" என்றார்.

எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று தேடினேன். பி.காம். கடைசிப் பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீடு வீடாகப் போய்த் துணி வாங்கிவரும் அப்பாவுக்கு, நான் பேங்க் பரீட்சை எழுத வேண்டும் என்று ஆசை. பட்டம் முடித்தவர்களுக்கு நூலக அறிவியலில் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, புத்தகப் பராமரிப்பும் அதில் ஒரு பாடம் என்று மேடம்தான் சொன்னார். ரப்பரும் கையுமாக இருந்த மாமா தலையைத் தூக்கினார்.

"இப்போ போய் லைப்ரரி படிப்பா? இன்னும் பத்து வருஷத்துல லைப்ரரியே இருக்காது, எல்லாம் ஃபோன்ல வந்துடும்."

"ஃபோன்ல கொக்கி போட முடியாதே மாமா, உங்களுக்குப் பொழுது போகாதே" என்றேன். அவர் மறுபடி அழிக்க ஆரம்பித்தார்.

பத்து வருடத்தில் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. அந்த இரண்டு கட்டுகளில் இருந்தவற்றில் பதினான்கு புத்தகங்கள் மறுபடி அலமாரி ஏறிவிட்டன என்பது மட்டும் தெரியும். அவற்றில் நான்கு இப்போது யார் வீட்டிலோ இருக்கின்றன. வத்தக்குழம்பு படாமல் வர வேண்டும்.

அந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தை அச்செடுத்துப் பையில் வைத்திருந்தேன். பஸ் நெரிசலில் கசங்கிவிட்டது. அம்மா வாங்கி, பருத்தித் துணி போட்டு, இளஞ்சூட்டில் இரண்டு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். "கஞ்சி போடல" என்று தலையிலடித்துச் சத்தியமும் செய்தார். பெற்றோர் தொழில் என்ற இடத்தில் இந்த முறையும் ‘துணி தேய்த்தல்’ என்று எழுதி, ஒரு கமா போட்டு, ‘புத்தகமும்’ என்று சேர்த்தேன். வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் கவுன்டரில் கொடுத்துவிட்டேன். ரசீது என் நூலக அட்டையோடு, அந்தப் பழைய ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.