இருபத்து நாலு படகு

ஐம்பத்தைந்து வயது முடிந்ததும் சர்க்கார் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதுவரை சர்வே ஆபீசில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். படம் என்றால் ராஜா ராணி படமல்ல, நிலப்படம். யார் காடு எங்கே முடிகிறது, யார் கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்று கோடு கிழிக்கிற வேலை. எங்கள் ஜில்லாவில் கடல் கிடையாது. அதனால் முப்பது வருஷத்தில் நீல மையை நான் தொட்டதெல்லாம் ஏரி குளங்களுக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு இதை மறைக்கப்போய்த்தான் எனக்குச் சங்கடம் வந்தது.

படத்தில் ஒரு நூலளவு தப்பினால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். ஆகவே படம் சொன்னால் சொன்னதுதான் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. வீட்டிலும் அப்படித்தான் பேசுவேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று நான் முகம் சுளித்தால் என் மனைவி, "படத்துல எவ்வளவு போட்டிருக்குதுங்க?" என்று கேட்பாள்.

ஓய்வு பெற்றதும் சேந்தமங்கலத்தை விட்டு மலையேறினோம். வாழவந்தி நாட்டில் கொஞ்சம் காப்பிச் செடியும் ஏழெட்டு கமலா ஆரஞ்சு மரமுமாக ஒரு தோட்டம் குத்தகைக்குக் கிடைத்தது. காரவள்ளியிலிருந்து நடைதான். பாதை திரும்புகிற இடத்திலெல்லாம் மனைவி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலெல்லாம், "ஏனுங்க, புத்தி சரியாத்தான் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கியதால் சொல்ல முடியவில்லை என்பதே உண்மை.

மலைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே அவள் கேட்டது நியாயம்தான் என்று தெரிந்துவிட்டது. பத்து நாள் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கோடு கிழித்துப் பழகிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அப்போதுதான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். சேந்தமங்கலத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பாய் கொடுத்தது. அவருடைய மச்சான் பினாங்கிலிருந்து கொண்டுவந்ததாம். "வருசம் முடிஞ்சு போச்சுங்க, ஆனா படம் நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிக் கொடுத்தார். தேதிகளைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் வைத்திருந்தேன். படத்தில் ஒரு பெரிய கப்பல் புகை விட்டுக்கொண்டு போயிற்று.

அதைச் செய்தால் என்ன என்று தோன்றியது.

ஒரு அங்குலத்துக்கு இருபது அடி என்று அளவு வைத்துக்கொண்டேன். கப்பலின் நிஜ நீளம் எனக்குத் தெரியாது. ஐந்நூறு அடி இருக்கட்டும் என்று நானே உத்தரவு போட்டுக்கொண்டேன். குமிழ மரம் இழைக்க இழைக்க வெண்ணெய் போல வரும். அதில் அடிப்பாகத்தைக் குடைந்தேன். மூங்கில் கணு புகைபோக்கி ஆயிற்று. தென்னை ஈர்க்கு கைப்பிடிக் கம்பி. மனைவியின் கொண்டை ஊசியை வளைத்து நங்கூரம். வட்டச் சன்னல்களுக்கு என் சட்டைப் பொத்தான்களைப் பிடுங்கினேன். அந்த வருஷம் முழுக்க நான் மார்பைத் திறந்துபோட்டுக்கொண்டு திரிந்தேன். குளிரில் இருமல் வந்தபோது, "சன்னலை மூடுங்க" என்றாள் மனைவி.

ஒரே ஒரு கஷ்டம். படத்தில் கப்பலின் இடப்பக்கம் மட்டும்தான் தெரிந்தது. வலப்பக்கம் எப்படி இருக்கும்? பக்கவாட்டில் நின்று எட்டிப் பார்த்தாலும் காலண்டர் காட்டவா போகிறது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, இந்தப் பக்கம் போலத்தான் அந்தப் பக்கமும் என்று முடிவு செய்தேன். இடப்பக்கம் ஆறு படகு தொங்கியது. வலப்பக்கமும் ஆறு போட்டேன்.

இதற்கிடையில் ஊரார் எனக்குக் காட்டிய மரியாதையைச் சொல்ல வேண்டும். மழை விட்ட பிறகு நான் வாசலில் உட்கார்ந்து இழைப்பதை வருகிறவர் போகிறவரெல்லாம் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சற்று நேரம் நின்று பார்ப்பார்கள், தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். மறுநாள் ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்து வைப்பார். இன்னொருவர் கொம்புத்தேன். என் எதிரில் சத்தமாகக்கூடப் பேச மாட்டார்கள். "கலையின் அருமை தெரிந்த ஜனங்கள்" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டேன். ஆபீசில் முப்பது வருஷம் கிடைக்காத மதிப்பு இங்கே ஆறு மாதத்தில் கிடைத்ததே என்று எனக்குத் தலை கொஞ்சம் கனத்தும் போயிற்று.

அந்தக் கனத்தை ஒரே நாளில் இறக்கிவைத்தவள், எங்கள் தோட்டத்துக்குக் கீழே சாமை விதைக்கிற குடும்பத்து அம்மாள். ஐம்பது வயது இருக்கும். புருஷன் இல்லை. அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஒரே மகன் அந்தச் சண்டைக்காக ரோடு போடுகிற பட்டாளத்தில் சேர்ந்துபோயிருந்தான். அவனுடைய கடைசிக் கடுதாசியை அவளுக்குப் படித்துக் காட்டியவனே நான்தான். கப்பல் ஏறப்போகிறோம், எந்த ஊருக்கு என்று எழுதக் கூடாது என்று இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு மாதமாக ஒரு வரியும் இல்லை.

அவள் வந்து கப்பலுக்கு எதிரே குந்தினாள். "கேக்கக் கூடாதுங்க, தெரியும். இருந்தாலும் கேக்கறனுங்க. உங்க வேண்டுதல் யாருக்குங்க? பையனுக்குங்களா, தம்பிக்குங்களா?"

"என்ன வேண்டுதல்?" என்றேன்.

மலையில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுக்கு நோவு வந்தால் மண்ணில் ஒரு மாடு செய்து கோவிலில் வைப்பார்கள். பிள்ளை வேண்டுமென்றால் சின்னத் தொட்டில், கால் வலியென்றால் ஒரு கால். உருவாரம் என்று அதற்குப் பெயர். கோவிலில் கொண்டுபோய் வைக்கிறவரை எதற்காக என்று யாரும் கேட்கக் கூடாது, கேட்டால் வேண்டுதல் கலைந்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் என் கப்பலை ஊரே உருவாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, எனக்கு வேண்டிய யாரோ கடலில் காணாமல் போய்விட்டார் என்று ஊரே உருகிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போய்விட்டது. அத்தனை பலாப்பழமும் கலைக்கு வந்ததல்ல, துக்கத்துக்கு வந்தது. உள்ளே மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு யாருமே கப்பலில் போகவில்லை அம்மா. இது அளவு வைத்துச் செய்கிற கப்பல். சாமிக்கு வைக்கிற பொம்மை இல்லை" என்றேன்.

அவள் குந்திய இடத்திலிருந்து கப்பலை இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு, "யாரும் போகலீன்னா ரொம்ப நல்லதுங்க. அப்ப இதை எம்பையனுக்குக் குடுத்துருங்க. ஆடிப் பதினெட்டுக்குக் கோயில்ல வெச்சரோணுங்க" என்றாள்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். எட்டு மாத உழைப்பு. கோவிலில் வைத்தால் மழையும் வெயிலும் தின்றுவிடும். அவள், "சரீங்க" என்று எழுந்து போனாள். கோபித்துக்கொண்டு போயிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அன்று மத்தியானம் மனைவி என்னோடு பேசவில்லை. சாயந்தரம் மட்டும், "சட்டைக்குப் பொத்தான் தைக்கோணும், அந்தச் சன்னலையெல்லாம் கழட்டிக் குடுங்க" என்றாள். மறுநாள் காலையில் நானே சாமைக் காட்டுக்கு இறங்கிப் போய் அந்த அம்மாளைக் கூப்பிட்டேன்.

கொடுக்கிறேன் என்று சொன்னதோடு என் கஷ்டம் முடியும் என்று நினைத்தேன். அன்றுதான் ஆரம்பித்தது. மகன் இருக்கப்போகிற வீட்டைப் பார்க்கிறவள் போல அவள் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கே படுப்பான்? காற்று வருமா? சோறு எங்கே ஆக்குகிறார்கள்? நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போது அவளே புகைபோக்கியைப் பார்த்து, "ஆமாங்க, பெரிய அடுப்பாத்தான் இருக்கோணும்" என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். நான் திருத்தவில்லை.

பிறகு படகுகளைத் தொட்டாள். "இது என்னத்துக்குங்க?"

"கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதில் ஏறித் தப்பித்துக்கொள்வார்கள்."

"கப்பல்ல எத்தனை சனம் போகுமுங்க?"

"ஆயிரம் பேர் போகும்."

"ஒரு படகுல?"

"ஐம்பது பேர்" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவள் எழுத்துத் தெரியாதவள். ஆனால் கமலாப்பழத்தை நூறு நூறாக எண்ணிக் கீழ்நாட்டு வியாபாரிகளுக்குப் போடுகிறவள். மடியிலிருந்து அவரை விதைகளை எடுத்தாள். விதைக்கு ஐம்பது பேர் என்று தரையில் இருபது வைத்தாள். பன்னிரண்டை ஒரு பக்கம் தள்ளினாள். மிச்சம் எட்டு கிடந்தது. அதை விரலால் காட்டி, "எம்பையன் இந்த எட்டுல இருந்தான்னா?" என்று கேட்டாள்.

படத்தில் ஆறுதான் இருக்கிறது என்றேன். படம் சொன்னால் சொன்னதுதான் என்றேன். கப்பல் கட்டுகிறவர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல என்றேன். எட்டு அவரையும் அங்கேயே கிடந்தன. கடைசியில், "சரி, எட்டுப் படகு சேர்க்கிறேன்" என்று கத்தினேன். "ஓட்டைப் படகுன்னு ஒண்ணு ரெண்டு இருக்காதுங்களா?" என்று அவள் இன்னும் நாலு அவரை வைத்தாள்.

ஆக இருபத்து நாலு. முருங்கைக் கட்டையில் ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம். பதினைந்து நாள் திட்டிக்கொண்டே செதுக்கினேன். தொங்கவிட இடமில்லாமல் கூரைமேல் கவிழ்த்தேன், வாலில் கட்டினேன். என் அழகான கப்பல் குட்டி போட்ட பன்றி போல ஆகிவிட்டது. காலண்டர் பக்கம் திரும்பவே எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆடிப் பதினெட்டு காலையில் புறப்பட்டோம். கோவில் மேட்டில் இருக்கிறது. கப்பலை நான் தலையில் வைத்துக்கொண்டேன், அவள் பூவும் தேங்காயும் எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். பாதி ஏற்றத்தில் ஒரு பாறைமேல் இறக்கிவைத்தபோது அவள் கப்பலைத் தடவிக்கொண்டே, "நீங்க பாத்த கப்பலுங்களே, அதனால சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

வரப்புச் சண்டையில் பொய்ப்படம் வரைந்து கொடுக்காதவன் நான். இவள் மகன் விஷயத்தில் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேனே என்று பயமே வந்துவிட்டது. சொல்லிவிட்டேன். நான் கப்பலைப் பார்த்ததில்லை. கடலையே பார்த்ததில்லை. காலண்டர் படம்தான், அதுவும் ஒரு பக்கம். மறுபக்கம் நானாக இட்டுக்கட்டியது. அந்த அடுப்பும் அடுப்பு இல்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சாமி மட்டும் பாத்திருக்குதுங்களா? அது இந்த மலைய உட்டு எங்க எறங்குச்சு? நீங்க செஞ்சதப் பாத்துக்கிட்டுத்தானுங்க அது தேடிப் போகோணும். எந்திரிங்க, வெயில் ஏறுது" என்றாள்.

மிச்ச ஏற்றம் முழுக்க எனக்கு ஒரே கவலை. வலப்பக்கத்தில் ஒரு சன்னல் கோணலாக ஒட்டியிருந்தேன். சாமி குழம்பிவிடக் கூடாதே என்று இருந்தது.

கோவிலில் மண்மாடுகளுக்கும் தொட்டில்களுக்கும் நடுவில் கப்பலை வைத்தோம். நான் வேண்டிக்கொண்டேன். எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் இரண்டாவது கப்பல் ஆரம்பித்தேன். இந்தத் தடவை யார் பேச்சையும் கேட்பதில்லை, அச்சு அசல் படத்தில் உள்ளபடிதான் என்று சபதம். சண்டை ஓய்ந்தது. அதற்கும் சில மாதம் கழித்து ஒரு காலையில், காக்கி டவுசரோடு இளைத்துக் கறுத்த ஒருவன் சாமைக் காட்டு வழியாக ஏறி வந்தான். அவன் அம்மா போட்ட கூச்சல் எங்கள் வாசல்வரை கேட்டது. நான் சட்டைகூடப் போடாமல் ஓடினேன். என் மனைவி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தாள். நாங்கள் மூன்று கிழங்களும் அவனைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

மறுநாள் அவனைக் கோவிலுக்கு அழைத்துப் போனோம். கப்பல் வெளுத்திருந்தது, புகைபோக்கியில் எறும்பு குடியிருந்தது. அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நிஜக் கப்பலில் போனவன் ஒருவன் வாழ்நாளில் முதல்முறையாகக் கையில் கிடைத்திருக்கிறானே.

"கண்ணு, வலப்பக்கம் சரியா இருக்குதா பாரு" என்றேன்.

"மத்ததெல்லாம் சரிதானுங்க" என்றான். கூரைமேல் கவிழ்த்த படகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். "இதுதானுங்க. எங்க கப்பல்ல இத்தனை இல்லீங்க."

"எத்தனை இருந்தது?"

அவன் அம்மாவைப் பார்த்தான். பிறகு கப்பலைப் பார்த்துக்கொண்டு, "பத்தாமப் போச்சுங்க" என்றான். "எனக்கு எடம் கெடச்சுது. கூட இருந்தவங்களுக்குக் கெடைக்கல."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மேடு இறங்குகிறவரை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்தேன். மேசைமேல் இரண்டாவது கப்பல் இருந்தது. பக்கத்துக்கு ஆறு படகு, அளவில் ஒரு நூல் தப்பில்லை. அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முருங்கைக் கட்டையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். "ஏனுங்க, படத்துல ஆறுதானுங்களே போட்டிருக்குது?"

"படம் தப்பு" என்றேன்.