கோட்டுக்கு இன்னும் பதம் வரவில்லை

விரல் நுனியில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரைத் தொட்டெடுத்து, தோல் கோட்டின் காலருக்கு அடியில் வைத்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார் ஹமீது சுல்தான். சொட்டு உருண்டையாக நின்றால் தோல் பசியில்லாமல் இருக்கிறது. உள்ளே இறங்கிவிட்டால் எண்ணெய் கேட்கிறது. கடைக்கு வளையல் வாங்க வந்த பெண் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்கிறாள். "இரும்மா, இது குடிக்குதா இல்லையான்னு பாத்துட்டு வாரேன்" என்கிறார் தலையை நிமிர்த்தாமல். அவள் அடுத்த கடைக்குப் போய் வளையல் வாங்கி, போட்டுக்கொண்டு, திரும்பி வந்து எட்டிப் பார்க்கிறாள். மனிதர் அதே நிலையில்தான் இருக்கிறார்.

உச்சிப்புளியில் ராமேஸ்வரம் ரோட்டின் மேலேயே பேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். வயது அறுபத்திரண்டு. இருபத்தைந்து வருஷம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து, தொண்ணூற்று மூன்றில் கரை இறங்கியவர். எங்கள் ஊர் வெயிலில் உடம்பில் பனியன் கிடப்பதே பாரம். இந்த ஊரில் இருந்துகொண்டுதான் ஆறு கிலோ கனத்தில் ஒரு கறுப்புத் தோல் கோட்டை இவர் வளர்த்து வருகிறார். வளர்க்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக்கூட இவ்வளவு எண்ணெய் தேய்த்து யாரும் பார்த்ததில்லை.

கோட்டு வந்த கதை எண்பத்தொன்றில், ஹாம்பர்க் துறைமுகத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தொடங்குகிறது. "ஒரு கெழட்டு வெள்ளக்காரன்ட்ட வாங்குனது வாத்தியாரே. விக்கிறப்ப அவனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு." இது நான் முதல் தடவை கேட்டது. அடுத்த தடவை கிழவனின் பெண்டாட்டியும் அழுதாள். போன ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி கொடுக்க வந்தபோது அந்தக் கிழவன் வீட்டு நாயும் அழுதுவிட்டது. இன்னும் இரண்டு வருஷம் போனால் ஹாம்பர்க்கே அழும்.

என் பெயர் சேதுராமன். பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் ஏன் இந்த மனிதரைப் பற்றி எழுதுகிறேன் என்று கேட்டால், என் தோல் பையில் ஏழு வட்டக் கறைகள் இருக்கின்றன. அத்தனையும் இவர் உபயம்.

எந்த எண்ணெயையும் அவர் நேராகக் கோட்டில் போட மாட்டார். "நேரா போட்டா அது சோதன இல்ல, கொல" என்பார். முதலில் வேறு யாருடைய தோல் சாமானிலாவது, காலணா அளவு ஒரு வட்டம். ஒரு ராத்திரி ஒரு பகல் காத்திருக்க வேண்டும். நிறம் கறுத்ததா, பிசுக்கென்று ஒட்டுகிறதா, நாற்றம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கோட்டின் உள்மடிப்பில் ஒரு வட்டம். இப்படியாக என் பை, என் செருப்பு, அவர் மனைவி சுலைகாவின் கைப்பை, தபால்காரரின் பெல்ட் எல்லாம் பொதுச் சேவை செய்துவிட்டன. தேங்காய் எண்ணெய்க்கு ஐந்தாம் நாள் எறும்பு வந்தது. விளக்கெண்ணெய் பிசுபிசுத்து ரோட்டுப் புழுதியை எல்லாம் கூட்டிச் சேர்த்தது. ஷூ பாலிஷ் என்று யாராவது வாயெடுத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "அது மேக்கப்பு. பசிச்சு அழுகுற புள்ளைக்கிப் பவுடரு போட்டு விடுவியளா?"

வெளிநாட்டில் வேலை பார்க்கிற தெருக்காரர்கள் ஊருக்குப் புறப்படுமுன் போன் போட்டு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். மற்ற வீடுகளில் செண்ட்டு கேட்பார்கள், தைலம் கேட்பார்கள். இவர் தோலுக்குப் போடுகிற கிரீம் கேட்பார். பிஸ்கெட் டின்னுக்குள் அப்படிப் பதினொரு டப்பா இருக்கிறது. ஒவ்வொன்றின் முதுகிலும் இருக்கும் பொடி எழுத்தை லென்ஸ் வைத்துப் படிப்பார். எதன் மெழுகு, எதன் கொழுப்பு என்று தெரியாமல் மூடியைத் திறக்க மாட்டார்.

ஒரு டப்பாவில் கீரிப்பிள்ளை மாதிரி ஏதோ ஒரு பிராணியின் படம் இருந்தது. அந்தக் கொழுப்பு ஆகுமா ஆகாதா என்று கேட்கப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் எடுத்துக்கொண்டு போனார். ஹஜ்ரத் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோட்ட திங்கப் போறியளா?"

"அஸ்தக்ஃபிருல்லாஹ்! போட்டுக்கிட்டு வந்து தொழலாமான்னுதான் கேட்டேன் ஹஜ்ரத்."

"இத்தன வருசத்துல எத்தன தடவ போட்டிருக்கிய?"

பாய் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். உண்மையில், மார்கழியில் இரண்டே நாள், அதிகாலைத் தொழுகைக்குப் போகும்போது போடுவார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து, வேர்வை உப்பு தோலுக்கு ஆகாது என்று, தன் முகத்தைத் துடைக்குமுன் கோட்டைத் துடைப்பார்.

இதெல்லாம் சும்மா சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இந்த வருஷம், இரண்டாயிரத்து மூன்று ஆவணியில், சங்கதி கொஞ்சம் முறுக்கிக்கொண்டது.

பாய்க்கு ஒரே மகள், காலிதா. மதுரையில் நர்ஸிங் படித்துவிட்டு ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்துக் கடிதம் வந்தது. வருகிறேன் என்று செப்டம்பர் முப்பதுக்குள் பதில் போட வேண்டும், டிசம்பரில் கிளம்ப வேண்டும். எங்கள் தெருவிலிருந்து ஆண்கள் போகாத தேசமில்லை. ஒரு பெண் தன் வேலைக்கென்று தனியாகப் போவது இதுதான் முதல் தடவை. சுலைகா உடனே சரி என்றாள். காலிதா தன் வாப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"அங்கன குளிருமே புள்ள" என்றார்.

"கோட்டு வாங்கிக்கலாம் வாப்பா."

"வாங்குறது என்னத்துக்கு? இந்தா இருக்குல்ல. தோள்பட்ட கொஞ்சம் வெறைச்சுக் கெடக்கு. பதத்துக்குக் கொண்டாந்து தாரேன். அது ஆகட்டும், பொறவு காயிதம் எழுதலாம்."

எவ்வளவு பெரிய மனசு என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோயிற்று. உயிரையே மகளுக்குக் கொடுக்கிறாரே மனிதர்! அன்றைக்கே தேன்மெழுகு கிரீமை எடுத்தார். மூன்று நாள் கழித்து, தோள் இன்னும் விறைப்பு என்றார். டப்பாவை மாற்றினார். அதுவும் சரியில்லை. வேறு டப்பா. ஒரு நாள் கோட்டின் மேல் வெள்ளைத் திட்டு கண்டது. அது கடல் காற்றுக்கு வரும் பூசணமா, மெழுகு பூத்ததா என்று கண்டுபிடிக்க ஒரு நாள் ஆயிற்று. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். திட்டு உருகி மறைந்தது. மெழுகுதான். "அப்ப மெழுகு கூடிப்போச்சு. தொடச்சு எடுத்துட்டு மொதல்லருந்து பாக்கணும்." இப்படியே பதினேழு நாள் போனது. ஒரு நாள் அவர் தொழப் போன நேரத்தில் நான் கோட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது. வந்ததும் சொன்னேன். "ஒங்களுக்குக் கணக்குத் தெரியும் வாத்தியாரே, தோலு தெரியாது" என்று வாயை அடைத்துவிட்டார்.

பதினெட்டாம் நாள் மண்டபத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே வத்தை என்கிற பலகைப் படகுகளைச் செப்பனிடும் பால்சாமியிடமிருந்து ஒரு பாட்டில் சுறா எண்ணெய் வாங்கி வந்தார். படகுப் பலகை வெடிக்காமல் இருக்க வருஷா வருஷம் பூசுகிற எண்ணெய். "வருசம் பூரா உப்புத் தண்ணியில ஊறுற பலகைக்கே ஒத்துக்குது. தோலுக்கு ஒத்துக்காதா?" என்று, சோதனை வட்டம் ஒன்றுகூடப் போடாமல், முழுப் பாட்டிலையும் கோட்டின்மேல் கவிழ்த்து, மொட்டை மாடியில் உச்சி வெயிலில் விரித்துப்போட்டார்.

ஐயோ, அந்த நாற்றத்தை எப்படி எழுதுவேன்! முதலில் ஊர்ப் பூனைகள் வந்தன. பிறகு காக்கைகள் வந்தன. ராமநாதபுரத்திலிருந்து வந்த பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் மண்டபம் வந்துவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்களாம். என் வீட்டில் அன்றைக்கு ரசம்கூட மீன் வாடை அடித்தது. நாங்கள் சைவம். இத்தனைக்கும் நடுவில் கோட்டு மட்டும் இருபத்திரண்டு வருஷத்தில் இல்லாத மிருதுவாகக் குழைந்து கிடந்தது.

சுலைகா மூக்கைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு மாடிக்கு ஏறினாள். நான் என் மாடியில் துணி எடுக்கிற சாக்கில் நின்றேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், ஒட்டுக்கேட்கத்தான் நின்றேன்.

"ஒரு சொட்டுத் தேங்காண்ணைக்கி ஒம்பது எடத்துல சோதன பாக்குறவுக, இன்னைக்கி ஒரு பாட்டில் மீனெண்ணெயக் கவுத்துட்டு வந்து நிக்கிறாக" என்றாள் கோட்டைப் பார்த்துக்கொண்டே. "காலிதா வாப்பா, புத்தி கெட்டுப்போயி செஞ்ச மாதிரி எனக்குத் தெரியல. இந்தக் கோட்டோட அவள யாரு பிளேன்ல ஏத்துவா?"

பாய் காக்கையை விரட்டினார். அப்போது அங்கே காக்கையே இல்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கணக்கு வாத்தியார், பதினெட்டு நாள் ஒரு கூட்டலைப் போடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

டூட்டி முடிந்து வந்த காலிதா வெள்ளை உடுப்போடு மாடிக்கு வந்தாள். கோட்டைப் பார்த்தாள், வாப்பாவைப் பார்த்தாள்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க வாப்பா. நான் இருந்துக்கிறேன். சத்தியமா வருத்தப்பட மாட்டேன். ஆனா தோளு வெறைப்பு, மெழுகு கூடிப்போச்சுன்னு மட்டும் சொல்லாதிய. எனக்குத் தாங்கல."

பாய் தண்ணீர்த் தொட்டியின் திண்டில் உட்கார்ந்தார். எண்ணெய்க் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முன்னால் நீட்டிக்கொண்டே இருந்தார்.

"நீ மொத மொத வாப்பான்னு சொன்னத நான் காயிதத்துலதான் படிச்சேன் புள்ள. ஒங்க உம்மா எழுதி நாலு மாசம் கழிச்சு, பிரேசில் பக்கம் ஒரு துறைமுகத்துல வந்து சேந்துச்சு. சட்டிக்கு முன்னாடி நின்னுக்கிட்டு அழுதேன். பக்கத்துல ஒருத்தன் கெடையாது. அப்புடி ஒரு எடத்துல நீ போயி நிக்கணுமான்னு இருக்கு. போகாதன்னு சொல்ல வாய் வரல. போன்னு சொல்லவும் வரல. கோட்டுதான் வாயில வந்துச்சு."

காலிதா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் வெள்ளை உடுப்பின் ஓரத்தால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியை எடுக்காமலே கீழே இறங்கிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் பாய் நாற்றத்தை எடுக்கிற வேலையைத் தொடங்கினார். கடலை மாவைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, தட்டி உதறி, மறுபடி தூவி, நிழலில் காற்றாட விட்டார். ஒன்பது நாளில் ஐந்து கிலோ மாவு. ராத்திரிகளில் காப்பித்தூளோடு சேர்த்துப் பெட்டியில் மூடி வைத்தார். தெருவில் பஜ்ஜி வாசனை மட்டும் வரவில்லை, மற்ற எல்லா வாசனையும் வந்தது. சோதனைக்கு இந்தத் தடவை என்னைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். "இப்ப எப்புடி இருக்கு?" கருவாட்டுக் கடைக்கு அடுத்த கடை மாதிரி இருக்கிறது என்றேன். மூன்று நாள் கழித்து அதற்கும் அடுத்த கடைக்குப் போயிருந்தது. "மாஷா அல்லாஹ், நடந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

கடைசியாகப் பதினொரு டப்பாவையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக ஒதுக்கி, ஒன்றை மட்டும் கையில் எடுத்தார். செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு. பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தோள் முழுக்கத் தடவினார். இன்னும் கொஞ்சம் போடலாமே என்றேன். "வேணாம். இம்புட்டுதான் அது கேட்டுச்சு" என்று மூடியை இறுக்கினார்.

நேற்று தேதி இருபத்தொன்பது. மத்தியானம் கடைக்குள் வைத்துக் காலிதாவுக்குக் கோட்டைப் போட்டுவிட்டார். சுலைகா கல்லாவுக்குப் பின்னால் நின்றாள். நான் நியாயமாக வாசலிலேயே நின்றேன், ஒளியவில்லை. தோள் பரவாயில்லாமல் பொருந்தியது. கைதான் வினை செய்தது. விரல்நுனியைத் தாண்டி இரண்டங்குலம் தொங்கியது.

"மடிச்சு விட்டுக்கிறேன் வாப்பா."

"மடிச்சா மடிப்புல வெடிச்சுரும். அந்தக் குளிருக்கு ஒரு மாசம் தாங்காது."

கோட்டைக் கழற்றி வாங்கிக் கடை மேசையில் படுக்கப்போட்டார். அவள் மணிக்கட்டிலிருந்து தோள்வரை நூல் பிடித்து அளந்தார். இரண்டு கையிலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். கோடு நேராக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். இருக்கிறது என்றேன். சணல் கயிறு நறுக்குகிற பெரிய கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டுனா பொறவு ஒங்களுக்கு ஆகாது பாத்துக்கங்க" என்றாள் சுலைகா. "துணின்னா ஒட்டுப்போட்டுக்கலாம். தோலு ஒட்டாது."

ஹமீது சுல்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிஸ்மில்லாஹ் என்று முணுமுணுத்துவிட்டு, கத்தரியைக் கோட்டின்மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி வெட்டினார்.