உடைப்பதில்லை, கழற்றுகிறேன்

என்னை யாராவது "ரீவி உடைக்கிற மனுசி" என்று சொன்னால் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறும். சந்தையில் நாலு பேருக்கு முன்னால் வைத்தே திருத்தியிருக்கிறேன். "உடைக்கிறேல்லை, கழட்டுறன்" என்பேன். ஒருநாள் மரக்கறிக்காரி, "எல்லாம் ஒண்டுதானே அக்கா" என்றாள். "முருங்கைக்காய் பிடுங்கிறதும் முருங்கையைத் தறிக்கிறதும் உனக்கு ஒண்டோ?" என்று கேட்டேன். அவள் கத்தரிக்காயை நிறுத்துத் தந்தாள்.

நீர்வேலியில் சந்திக்குப் பக்கத்தில் என் கணவர் தொலைக்காட்சி திருத்தும் கடை வைத்திருந்தார். சுவரில் மாட்டுகிற மெல்லிய பெட்டிகள் வந்த பிறகு, முதுகு புடைத்த பழைய பெட்டிகளைத் திருத்த ஒருவரும் வரவில்லை. திருத்தக் கொடுத்தவர்கள்கூட எடுத்துப்போக வரவில்லை. கடையைப் பூட்டியபோது அவ்வளவு பெட்டியும் எங்கள் வீட்டு வளவுக்கு வந்து சேர்ந்தன. அவர் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார். பெட்டிகளைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. "சீவன் குடுத்த கையாலை பிரேதம் அறுக்கச் சொல்லுறியோ?" என்று கேட்டார். எனக்கு அந்த மாதிரிக் கவலை ஒன்றும் இல்லை. பதினைந்து வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று திருப்புளியும் குறடும் எடுத்துக் கொடுத்தவள் நான். உள்ளே இருக்கும் செம்பும் அலுமினியமும் இரும்பும் மழையில் கிடந்து உக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

எப்படிக் கழற்றுவது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். வந்த பெட்டியில் அன்றைக்கே கை வைக்கக் கூடாது. ஒரு கிழமையாவது ஆற வேண்டும். ஆறினாலும் நம்பக் கூடாது; மின்சாரத்தில் மாட்டாமல் மாதக்கணக்கில் கிடந்த பெட்டியும் உள்ளுக்குள் மின்னை ஒளித்து வைத்திருக்கும். படம் தெரிகிற அந்தக் கனத்த கண்ணாடிக் குழாயை ரியூப் என்போம். அதன் விலாவில் ஒரு றப்பர் மூடி இருக்கும். தடித்த பிளாஸ்டிக் பிடி போட்ட திருப்புளியில் ஒரு கம்பியைக் கட்டி, கம்பியின் மறு நுனியைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு முதலிலேயே பிணைத்துவிட்டு, திருப்புளியின் நுனியை மெல்ல அந்த மூடிக்குக் கீழே செருக வேண்டும். சில பெட்டி "டப்" என்று ஒரு பொறி விடும். சில பெட்டி ஒன்றும் சொல்லாது. சொல்லாவிட்டாலும் இன்னொரு தரம் செருக வேண்டும். மின்னைச் சேர்த்து வைக்கிற பெரிய கொண்டென்சர்களையும் அப்படி மின் இறக்கிய பிறகுதான் மற்ற வேலை.

இவ்வளவும் நடக்கும்போது என் இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு கையும் உள்ளே போனால் மின் ஒரு கையால் ஏறி நெஞ்சைக் கடந்து மற்றக் கையால் இறங்கும் என்று அவர் சொல்லித் தந்தார். காய்ந்த பலகையில் றப்பர்ச் செருப்போடு, அவருடைய நீளக்கைச் சேட்டை என் வீட்டு உடுப்பான சோட்டிக்கு மேலே போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு மறைப்பு, கைக்குத் தடித்த உறை என்று நிற்பேன். "கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு நிக்கிறா, பெரிய விதானையார்!" என்று என்னை ஊர்த் தலைவராக்கி, ஒழுங்கையால் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வயரை எரித்துச் செம்பு எடுக்கிறவர்களின் புகையைக் குடித்து இருமுகிறவர்களும் அவர்கள்தான். நான் ஒரு துண்டு வயரையும் எரித்ததில்லை. பிளேட்டால் தோலுரித்துத்தான் எடுப்பேன்.

ரியூப்பை மட்டும் தொட்டுக் குலைக்க மாட்டேன். பின்னால் ஒடுங்கிய கழுத்தில் பிடித்துத் தூக்காமல், முகத்தைக் கீழே வைத்து, சாக்கால் சுற்றி, கொட்டிலில் பழைய மெத்தைக்கு மேல் வரிசையாக அடுக்கி வைப்பேன். கொழும்பிலிருந்து பழைய ரியூப் சேர்க்க வருகிற லொறி முழுசாக ஏற்றிக்கொண்டு போகும். அந்த லொறிக்காரர்தான் முதல் தரம் வந்தபோது சொன்னார்: "ரியூப்பை உடைச்சால் எடுக்க மாட்டம் அக்கா. பின்பக்கக் கண்ணாடியிலை ஈயம் இருக்கு. உள்ளுக்கை இருக்கிற பவுடரும் உடம்புக்குக் கூடாது."

அப்போது எனக்கு மண்ணில் வெட்டிய ஒரு கிடங்கு ஞாபகம் வந்தது. வந்ததை அப்படியே விழுங்கிவிட்டேன்.

சொல்லத்தானே வேண்டும். லொறிக்காரரைச் சந்திக்க முன்னம், நான் கழற்றிய முதலாவது பெட்டி அது. கழுத்தில் இருந்த செப்புச் சுருளை அவசரப்பட்டு இழுத்தபோது கழுத்து முறிந்து "உஸ்" என்று காற்று உள்ளே போனது. போனதுதானே என்று சாக்கைப் போட்டு மூடி, சுத்தியலால் அடித்து, உள்ளே இருந்த இரும்புத் தகட்டை எடுத்தேன். மிஞ்சிய கண்ணாடியை என்ன செய்வது? வாழைக் கிழங்கைத் தோண்டிக் கிளப்பிய கிடங்கு ஒன்று திறந்தபடி கிடந்தது. எங்கள் ஊரில் உடைந்த போத்தலும் பீங்கானும் அப்படித்தான் போகும். கொட்டி, மண் இழுத்து, மேலே ஒரு வாழைக்குட்டியும் வைத்துவிட்டேன். என் கணவர் அன்றைக்குக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தார். கிடங்கிலிருந்து கிணறு இருபது அடி இருக்கும்.

அந்தக் கிணறு எனக்கு மட்டும் சொந்தமில்லை. அக்காவுக்கும் எனக்கும் அம்மா சீதனமாகத் தந்த ஒரே காணி. இந்தப் பக்கம் என் வீடு, அந்தப் பக்கம் அவள் வீடு, நடுவில் பங்குக் கிணறு. காணி உறுதிப் பத்திரத்தில் ஆளுக்கு அரைப்பங்கு என்று எழுதியிருக்கிறது. அவளுக்கும் எனக்கும் இரண்டு வயதுதான் இடைவெளி. வேலியில் நட்ட கதியால் தடிக்கும் விழுந்த தேங்காய்க்கும் சண்டை பிடித்திருக்கிறோம். தண்ணீருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

போன வருடம் அக்காவின் மகள் முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் என் பெறாமகள். என் மடியில் வளர்ந்தவள். வந்து இரண்டு கிழமை இருக்கும். அக்கா வேலியடியில் வந்து நின்றாள்.

"உன்ரை ரீவியளாலை கிணத்துத் தண்ணி நஞ்சாகுமாம்."

"ஆர் சொன்னது?"

"கிளினிக்கிலை கதைச்சவை. ஈயமாம். வயித்துப் பிள்ளையின்ரை மூளையைத் தாக்குமாம்."

எனக்கு வந்த கோபத்தில் அவளைக் கையில் பிடித்துக் கொட்டிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "பார்! ஒண்டிலையாவது ஒரு கீறல் இருக்கோ? காட்டு பாப்பம்! காட்டினால் நான் இந்தத் தொழிலை விட்டிட்டு உன்ரை வீட்டு முற்றம் கூட்டுறன்! நான் உடைக்கிறவள் இல்லையடி அக்கா, கழட்டுறவள்!" வாய் இப்படிக் கத்தியது. கண் மட்டும் வாழைப் பக்கம் போய்விட்டு வந்தது.

அக்கா கொட்டிலைச் சுற்றிப் பார்த்தாள். குறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் தாய் அல்லவா! "உன்ரை கிணறு. நீயே அள்ளிக் குடி" என்றாள்.

அடுத்த நாள் காலை அத்தான் மோட்டார் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கானைக் கட்டிக்கொண்டு கோயில் கிணற்றுக்குப் போனார். வளவுக்குள் கிணறு இருக்க வெளியே தண்ணீர் அள்ளப் போவதென்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இரவில் மட்டும் நித்திரை வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு எப்படி வரும்? கிடங்கை இரகசியமாகக் கிளப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அதற்கும் என் கொழுப்பு விடவில்லை. கிளப்பினால் பிழை விட்டேன் என்று எனக்கு நானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

மூன்றாம் நாள் விடிய நான் கிணற்றடியில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தேன். பெறாமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள்.

"சின்னம்மா, அம்மா விசர்க்கதை கதைக்கிறா. கோயில் தண்ணி உப்புக் கரிக்குது. எனக்கு எங்கடை தண்ணிதான் வேணும்."

"உன்ரை கொம்மா ஏசுவா."

"ஏசட்டும். நீங்கள் ஒரு கையைப் பின்னாலை வைச்சுக்கொண்டு செய்யிறதை எத்தினை நாள் பாத்துக்கொண்டு நிண்டிருப்பன்? உங்களை மாதிரி ஆர் கவனமாச் செய்யினம்? எனக்கு உங்களிலை நம்பிக்கை இருக்கு."

சொல்லிக்கொண்டே செம்பை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அக்காவின் ஏச்சை என்னால் தாங்க முடிந்தது. இந்த நம்பிக்கையைத் தாங்க முடியவில்லை. பாய்ந்து செம்பைத் தட்டிவிட்டேன். அது சீமெந்தில் விழுந்து கணகணவென்று உருண்டது. பெறாமகள் பயந்து போனாள். சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள்.

"என்னடி செய்யிறாய்? பிள்ளைத்தாச்சி குடிக்கிற தண்ணியைத் தட்டுறியோ, பாவி!"

"குடிக்க வேண்டாம் அக்கா" என்றேன். வாழைப் பக்கம் கையை நீட்டினேன். "ஒண்டு உடைச்சனான். முதல் ரியூப். அந்த வாழையடியிலை மண்ணுக்கை தாட்டுக் கிடக்கு."

அக்கா ஏசுவாள், மண்ணள்ளித் திட்டுவாள் என்று நின்றேன். அவள் மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு வாழையைப் பார்த்தாள். "மண்வெட்டி எங்கை?" என்றாள்.

"நீ வராதை. கண்ணாடி. தாட்டவள் நான், கிளப்பிறதும் நான்தான்."

சேட்டு, உறை, கண்ணாடி, வாய்மறைப்பு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தேன். தூசி கிளம்பாமல் முதலில் மண்ணை நனைத்தேன். வாழை அதற்குள் குலை தள்ளியிருந்தது. நல்ல கப்பல் வாழைக்குலை. தோட்டத்தால் வந்த என் கணவர் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். குலையையும் மரத்தையும் சேர்த்து மூடையில் போட்டேன். கண்ணாடியைத் துண்டு துண்டாகக் கையால் பொறுக்கினேன். அதன் பிறகு சுற்றியிருந்த செம்மண்ணையும் கீழே வெள்ளைக்கல் தட்டுப்படும்வரை தோண்டி அள்ளினேன். அக்கா தள்ளி நின்று, "அங்கை ஒண்டு மினுங்குது... இஞ்சாலை... உந்த வேருக்குள்ளை பார்" என்று பொழுதுபடும்வரை கட்டளை போட்டாள். பெரிய விதானையார் அன்றைக்கு அவள்தான்.

லொறிக்காரர் தொலைபேசியில், "உடைஞ்சது எடுக்கிறேல்லை எண்டு சொன்னனான்தானே அக்கா" என்றார். "எடுக்காட்டில் உங்கடை லொறிக்கு முன்னாலை குந்துவன்" என்றேன். மூடி போட்ட பீப்பாவில் அடைத்துத் தந்தால் பார்க்கலாம் என்று இறங்கி வந்தார். அடைத்தேன்.

கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். முடிவு வரும்வரை இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் சுமந்தது நான். அத்தானை விடவில்லை. சைக்கிளில் கானைக் கட்டிக்கொண்டு நடுத் தெருவால் போவேன். யாராவது கேட்டால் ஒளிக்கவில்லை. "பிழை விட்டனான். ரியூப்பை உடைச்சு மண்ணுக்கை தாட்டனான். கிளப்பிப்போட்டன். தண்ணியைச் சோதிக்கக் குடுத்திருக்கு" என்று ஒரே மூச்சில் சொல்வேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சந்தை மரக்கறிக்காரி மட்டும் சிரிக்காமல் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, எங்கடை வளவிலையும் ஒண்டு கிடக்கு. இவர் போன வருசம் உடைச்சுத் தாட்டவர். என்ன செய்யிறது?"

அவளுக்குப் பிறகு இன்னும் இரண்டு வீட்டுக்காரர் வந்தார்கள். மூன்று வளவிலும் போய் என் உறையும் கண்ணாடியுமாக நின்று கிளப்பினேன். பெட்டிகளைக் கழற்றி எடுத்த செம்பை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும் அந்த மூன்று கிடங்கையும் மறு தட்டிலும் வைத்தால், எனக்குப் பெருமையில் கிடங்குத் தட்டுதான் தாழும்.

முடிவுக் கடிதம் வந்தது. ஈயம் இல்லை, குடிக்கலாம். அது என் கெட்டித்தனம் இல்லை, கண்ணாடி மண்ணுக்குள் கிடந்த காலம் குறைவு என்று எனக்குத் தெரியும். அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். கிணற்றுக் கப்பியில் புதுக் கயிறு போட்டாள்.

பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் தீட்டுக் கழிக்கிற துடக்குக் கழிவு. பிள்ளையைத் தலைக்கு வார்க்கக் கிணற்றடியில் பெண்கள் கூடி நின்றார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு, "தண்ணி நீ அள்ளு" என்றாள். நான் வாளியை இறக்கினேன். அப்போது தூரத்துச் சொந்தத்தில் ஒரு மனுசி, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன, ரீவி உடைக்கிறவளின்ரை கிணத்துத் தண்ணியிலையோ பச்சைப் பிள்ளையை வாக்கிறியள்?" என்றார்.

வழக்கமாக என் வாய்தான் முதலில் திறக்கும். அன்றைக்குத் திறக்கவில்லை. ஒன்று உடைத்தவள் நான் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அக்கா மஞ்சள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஆர் உடைக்கிறவள்? என்ரை தங்கச்சி உடைக்கிறவள் இல்லை, கழட்டுறவள். இது எங்கடை கிணறு. என்ரை பேத்தி இந்தத் தண்ணியிலைதான் முழுகுவாள், இந்தத் தண்ணியிலைதான் வளருவாள். பிடிக்காதவை தேத்தண்ணி குடிக்காமல் போகலாம்."

அந்த மனுசி தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். எனக்குக் கண் நிறைந்து கிணறு தெரியவில்லை. வாளி உள்ளே பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? பிள்ளை குளிர்ந்துபோய்க் கிடக்கு, அள்ளனடி!" என்று அக்கா கத்தினாள்.

அள்ளினேன். இரண்டு கையாலும் இழுத்து அள்ளினேன்.