கொப்பியில் என் கையெழுத்து

தலைநகருக்கு வரும் தமிழர் பொலிசில் பதியவேண்டியிருந்த யுத்த காலத்தில், பதியாமல், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தேன். பக்கத்து அறை அருளண்ணன் அரசாங்கக் கந்தோரில் கிளார்க். பறவை பார்ப்பதில் பைத்தியம். ஒருநாள் மொட்டைமாடிப் பூச்செடியில் ஏதோ ஒன்று அந்தரத்தில் நின்று தேன் குடித்தது.

"ரீங்காரச்சிட்டு மாதிரிக் கிடக்கு. ஆனா அது இந்த நாட்டிலயே இல்லையடா!" என்றார். அவர் கந்தோருக்குப் போனபின் அது வரும் நேரங்களைக் குறிக்கும்படி கொப்பியைத் தந்தார்.

என்னிடம் மணிக்கூடு இல்லை. அதனால், "மாத்தறை ரயில் போனபின் வந்தது. இரண்டு ஆமி ட்ரக் போனபின் மறுபடி வந்தது" என்று எழுதினேன். நாலாம் நாள் அது பூவில் அமர்ந்தது. கிட்டப் போனால், பெரிய அந்துப்பூச்சி.

அன்று பின்னேரம் அருளண்ணன் வந்ததும் அதைச் சொல்லுமுன் பொலிஸ் சோதனைக்கு வந்துவிட்டது. தமிழ் தெரிந்த ஒருவர் கொப்பியை வாசித்தார். "இது யார் எழுதினது?"

என் வாய் திறக்கவில்லை. அருளண்ணன் என் பக்கம் திரும்பாமலே, "நான்தான் சேர். குருவி பாக்க எழுதினது" என்றார்.

"குருவி ஆமி ட்ரக்கிலயா வருது?" என்று சிரித்து அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த அமளியில் என் அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, நொண்டியபடி வந்தார்.

"ஏனண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எனக்காகக் கதைக்கக் கந்தோர் இருக்கு. உனக்கு ஆர் இருக்கினம்? போயிருந்தா நீ திரும்பி வந்திருக்கமாட்டாய்."

ஒரு நொடியில் அவர் என்னைப் பற்றி அவ்வளவும் யோசித்திருக்கிறார். அதே நொடியில் அவரைப் பற்றி நான் எதுவுமே யோசிக்கவில்லை.