அம்மை இறங்கிய பெக்கோ: யட்டவத்தவுக்கு ஒரு வெல்டிங் பயணம்

மற்றவர்கள் சிகிரியாவுக்கும் நக்கிள்ஸ் மலைக்கும் போய்வந்து எழுதுகிறார்கள். நான் வெல்டிங்காரன். எங்கே இரும்பு உடைகிறதோ அங்கேதான் எனக்குச் சுற்றுலா. இந்தப் பயணம் யுத்தம் முடிவதற்கு முந்தைய வருஷம், ஐப்பசி மாதத்தில் நடந்தது. சாமான்களோடு மலைத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். படம் எடுக்கும் ஞாபகமே அன்று வரவில்லை, கேட்காதீர்கள்.

அந்த வாரம் நான் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு லொறியின் சேஸி ஒட்டிக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாமல் தனபாலிடமிருந்து போன் வந்தது. தனபால் மாத்தளைக்காரர், சொந்தமாக ஒரு பெக்கோ, அதாவது மண் தோண்டுகிற மெஷின், வைத்து அதைத் தானே ஓட்டுகிறவர். யட்டவத்தவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குப் பின்னால், கான் வெட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு பாறாங்கல்லை நெம்பும்போது பெக்கோவின் கை முறிந்துவிட்டது. மலைத்தண்ணீரை லயத்தில் இறங்கவிடாமல் பக்கத்து ஓடைக்குத் திருப்புகிற கான் அது. லயத்தின் முதல் காம்பராவுக்கு, அதாவது முதல் வீட்டுக்கு, நேர் மேலே வந்து அது பாதியில் நின்றுவிட்டது. கானே வெட்டாமல் இருந்தால் தண்ணீர் மலை முழுக்கப் பரவி இறங்கும். பாதிக் கான் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் கொட்டும். ஐப்பசியில் பின்னேர மழை தவறாது. அதற்குள் வரவேண்டும் என்றார்.

ஆறு மணிக்குக் கிளம்பினோம். வெல்டிங் ஜெனரேட்டர், கிரைண்டர், ஜாக்கி, தகடு, இரண்டு கேஸ் சிலிண்டர் எல்லாம் சரத் என்பவரின் சின்ன லொறியில். போய்வர வாடகை ஆறாயிரம், சாப்பாடு என் செலவு. சரத் வழியெல்லாம் பேசுவார், சிங்களத்திலேயே தமிழ்ப் படக்கதை முழுவதும் சொல்லுவார். மாத்தளைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரப் பாதை. ஆனால் நாலந்தை தாண்டிய சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், லொறியில் சிலிண்டர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்தில் யாரும் குண்டோ என்றுதான் நினைப்பார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. சரத் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் ஆள் போகலாம், சிலிண்டர் இங்கேயே நிற்கட்டும், திரும்பும்போது எடுத்துக்கொள் என்றார்கள்.

யட்டவத்த சந்தியில் பணிஸும் பால் போடாத பிளேன்டியும். அங்கிருந்து மேலே ஏழு கிலோமீட்டர், அதில் கடைசி இரண்டு வெறும் கல். ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டு காம்பரா உள்ள ஒற்றை லயம். பின்னால் மலை. மலையில் சிவப்பாகக் கீறிய கான், அதன் முனையில் முறிந்த கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெக்கோ. அதன் வாளி பாறாங்கல்லுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. நாலைந்து ஆண்கள் மண்வெட்டியும் அலவாங்குமாக அந்தக் கல்லோடு மல்லுக்கட்டினார்கள். கல் அசையக் காணோம்.

முதல் காம்பராவிலிருந்து பாக்கியம் அக்கா தேத்தண்ணி கொண்டு வந்தார். கொழுந்து பறிக்கிறவர், புருஷன் இல்லை. பிரசவத்துக்கு வந்த மகள் ஒன்பது நாள் பிள்ளையோடு உள்ளே படுத்திருந்தாள். மழை வந்தால் மகளைப் பிள்ளைக் காம்பராவில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், கொண்டுபோய் வைக்கலாமாம். ஆனால் இந்தக் காம்பரா விழுந்தால் தோட்டத்தில் வேறு காலிக் காம்பரா கிடையாது என்றார். சொல்லிவிட்டுக் கிளாஸ் காலியாகும்வரை பெக்கோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

உடைந்த இடத்தைச் சொல்கிறேன், தொழில்காரர்களுக்குப் புரியும். பெக்கோவின் கையில் உடம்போடு சேர்ந்த பெரிய பாகம் பூம். பெட்டி மாதிரி நாலு தகட்டால் ஆனது. அதில் மூன்று தகடு பிளந்து, நாலாவது மடங்கியிருந்தது. எண்ணெய்க் குழாய்களைக் கழற்றி ஒதுக்கினோம். ஜாக்கி வைத்துத் தூக்கி, நூல் பிடித்து நேராக்கி, பிளவை கிரைண்டரால் பள்ளமாகத் திறந்தோம். இப்படித் தடித்த இரும்பைச் சூடாக்காமல் ஒட்டினால் நிற்காது. சூடாக்கத்தான் சிலிண்டர் கொண்டு வந்தேன், அது நாலந்தையில் காவலில் இருந்தது. பாக்கியம் அக்காதான் வீடு வீடாகப் போய்க் காய்ந்த தேயிலைக் கட்டை சேர்த்துக்கொடுத்தார். பூமின் அடியில் தீ மூட்டினோம். நல்ல கட்டை, கேஸை விடச் சீராக எரிந்தது.

ஒட்டி முடியும்போது பகல் ஒன்றே முக்கால் மணி. ஒட்டும்போது தெறிக்கிற இரும்புப் பொட்டுகள் பூம் முழுக்க முத்து முத்தாகப் பிடித்திருந்தன. அம்மை போட்ட உடம்பு மாதிரியே இருக்கிறது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். தானாக ஆறட்டும், யாரும் தொடவேண்டாம் என்று தனபாலிடம் சொல்லி, சாக்கால் மூடிவிட்டுக் கைகழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனேன்.

முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். சூட்டோடு தண்ணீர் பட்டு இரும்பு வெடிக்கிற அந்தச் சத்தத்தை இருபது வருஷத் தொழிலில் நான் நன்றாக அறிவேன். ஓடிப்போய்ப் பார்த்தால் பூமிலிருந்து ஆவி பறக்கிறது. சாக்கு கீழே கிடக்கிறது. பாக்கியம் அக்கா கையில் வெறும் குடம். பூமில் மஞ்சள் வழிந்து, வேப்பிலை ஒட்டியிருந்தது. வெல்டிங்கின் நடுவே முடி மாதிரி ஒரு கோடு, ஒரு சாண் நீளத்துக்கு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாது. தனபால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் ஓய்ந்ததும் பாக்கியம் அக்கா குடத்தைக் கீழே வைத்தார்.

"அம்மை எறங்குனா மஞ்சத்தண்ணி ஊத்தித்தானே பாஸ் எழுப்புவாங்க," என்றார். "மெஷினு சீக்கிரம் எந்திரிக்கட்டுமேன்னு ஊத்துனேன். எங்காம்பராவ நானே ஒடப்பேனா?"

திட்டியதற்காக வெட்கமாகக்கூட இருந்தது, ஆனால் அதைச் சொல்ல நேரமில்லை. மலை உச்சியில் கறுப்புக் கட்டிக்கொண்டிருந்தது. மறுபடி தீ, மறுபடி கிரைண்டர். பிளந்ததைச் சுரண்டி எடுத்து, மிச்சமிருந்த வெல்டிங் குச்சிகளைப் பாக்கியம் அக்காவின் அடுப்படியிலேயே சூடாக்கி, திரும்ப ஒட்டினேன். மேலே சாய்சதுரமாக வெட்டிய தகடு ஒன்றும் வைத்தேன். நாலு மணிக்கு முடிந்தது. இந்தத் தடவை தகரத்தை வளைத்துப் பூமைச் சுற்றித் தொட்டி மாதிரி கட்டினோம். பன்னிரண்டு அடுப்பிலிருந்தும் சுடுசாம்பல் வந்தது. அதைக் கொட்டி மூடினோம். ஒன்றரை மணி நேரமாவது மெல்ல மெல்ல ஆறவேண்டும் என்று இம்முறை எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்.

கால் மணி நேரத்தில் மழை விழுந்தது.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்தார்கள். கொழுந்துச் செடியின் ஈரம் படாமல் கட்டுகிற தடித்த சீலை அது. அவற்றைக் கோத்துப் பிடித்து, ஏழெட்டுப் பேர் பூமுக்கு மேல் கூரையாக நின்றார்கள். பாக்கியம் அக்கா நடுவில். மகளையும் பிள்ளையையும் அப்போதே பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஆண்கள் கானின் முனையில் மண்மூட்டை அடுக்கினார்கள். கான் நிறைந்து, மூட்டைக்கு மேலால் தண்ணீர் வழிந்து, முதல் காம்பராவின் பின்சுவரில் சிவப்பாக அடித்தது.

ஐந்து மணிக்குத் தனபாலால் பொறுக்க முடியவில்லை. தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது, இனியும் நின்றால் சுவர் போகும், நடப்பது நடக்கட்டும் என்று சீட்டில் ஏறப்போனார். சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், வைக்க முடியவில்லை. இப்போது தூக்கினால் திரும்ப முறியும், பிறகு ஒட்டக் குச்சியும் இல்லை என்றேன். அவர் என்னைக் கேட்கிற நிலையில் இல்லை.

பாக்கியம் அக்கா படங்கை விடாமல் திரும்பினார். அங்கிருந்து அவருடைய வாசல் நன்றாகத் தெரியும்.

"எறங்குங்க தம்பி. அது எங்காம்பராதான். பாஸ் சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நான் அவசரப்பட்டதே போதும்."

தனபால் இறங்கினார். மழையில் நின்று இரும்பு ஆறுவதற்குக் காத்திருப்பது போல நீளமான வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை. சாம்பலைத் தட்டி, காற்றாடவிட்டு, நான் தலையாட்டியபோது ஆறு மணிக்குக் கொஞ்சம் இருந்தது. குழாய்களை மாட்டி ஸ்டார்ட் செய்தார். கை மெல்ல எழும்பியது. வாளி கல்லின் அடியைப் பிடித்தது. வெல்டிங்கிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். கல் ஒருதரம் ஆடி, புரண்டு, சரிவில் உருண்டது. கானில் மிச்சமிருந்த ஆறு கஜத்தையும் தனபால் ஒரே மூச்சில் இழுத்துவிட்டார். தேங்கிய தண்ணீர் இரைச்சலோடு ஓடைக்குப் போயிற்று. பாக்கியம் அக்காவின் காம்பராவுக்குள் நாலு விரல்கடைச் சேறு. சுவர் நின்றது.

அன்றிரவு நானும் சரத்தும் லொறியில் தூங்கினோம். இனிப் போகிறவர்களுக்கு: கேஸ் கொண்டு போனால் பொலிஸில் முன்பே கடிதம் எடுங்கள். எடுத்தாலும் ஒரு மணி நேரம் கூட்டிக் கணக்குப் போடுங்கள். என் சிலிண்டர்கள் மறுநாள் வைத்த இடத்திலேயே நின்றன, மேலே யாரோ துவைத்த சாரத்தைக் காயப் போட்டிருந்தார்கள். குச்சி இரண்டு மடங்கு எடுத்துப் போங்கள். யட்டவத்தவிலிருந்து மேலே பஸ்ஸை நம்பவேண்டாம். வேலை தொடங்குமுன் அந்த லயத்துப் பெண்களைக் கூப்பிட்டு, எப்போது தண்ணீர் ஊற்றலாம் என்று சொல்லிவிடுங்கள். ஊற்றவே கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள். அது நடக்காது.

காலையில் நாங்கள் கிளம்பும்போது பாக்கியம் அக்கா அதே குடத்தோடு வந்தார். மஞ்சள், வேப்பிலை எல்லாம் இருந்தது. பெக்கோவுக்கு நாலடி தள்ளியே நின்றுகொண்டார்.

"இப்ப ஊத்தலாமா பாஸ்?"

வெல்டிங்கின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது. "ஊத்துங்கக்கா" என்று கையை எடுக்கப் போனேன்.

"கை இருக்கட்டும்," என்றார். "ஒங்களுக்கும் சேத்துத்தான்."